நாரி: குனிந்து நட்டவர்களின் வரலாறு

'நாரி' என்னும் சொல்லுக்கு நம் அகராதிகள் இரண்டு பொருள்களைத் தருகின்றன. ஒன்று பெண், வடமொழி வழியாக வந்த பொருள் இது. மற்றொன்று இடுப்பு, முதுகின் அடிப்பகுதி. ஈழத்துப் பேச்சு வழக்கில் இடுப்புவலியை நாரிப்பிடிப்பு என்று சொல்வது இன்றும் உண்டு. இவ்விரு சொற்களும் வடிவத்தால் ஒன்றுபட்டவையே அன்றிப் பிறப்பால் உறவுடையவை அல்ல. ஆயினும் காவிரிப் படுகையின் நெல்வயல் வரலாற்றைப் படிக்கும்போது இவ்விரு பொருள்களையும் பிரித்துப் பார்க்க இயல்வதில்லை. நிலத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. நீரின் வரலாறும், குத்தகையின் வரலாறும், கூலியின் வரலாறும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்நிலத்தில் நாள் முழுதும் குனிந்து நின்ற இடுப்பின் வரலாறு மட்டும் தனியே எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்கான சில குறிப்புகளை இங்கே தொகுத்துக்கொள்ளலாம்.

ஏருக்குக் கிடைத்த பாட்டு

நெல்லை நாற்றுவிட்டுப் பறித்து நடும் முறை தமிழகத்துக்குப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் சேற்றைச் சமப்படுத்தும் வினைஞர்களையும், முடியாகக் கட்டிய நாற்றை அதில் அழுத்துவதையும், களை பறிப்போரையும் அடுத்தடுத்துக் காண்கிறோம். நாற்றுக்கட்டைக் குறிக்க அப்புலவர் ஆண்ட 'முடி' என்ற சொல்லையே தஞ்சை வயல்களில் இன்றும் வழங்குகிறார்கள். சொல் மாறவில்லை. முடியைப் பிரித்து நடுகிற உடம்பின் நிலையும் மாறவில்லை.

ஆனால் நம் இலக்கியம் உழவைப் போற்றியபோது ஏரையே பெரிதும் போற்றியது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் உழுதல், எருவிடுதல், களையெடுத்தல், நீர்பாய்ச்சுதல், காத்தல் ஆகியவை ஒரு குறளில் வரிசைபெறுகின்றன. அவ்வரிசையில் நடவு இல்லை. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது மேழிக்கும் நுகத்தடிக்கும் தனித்தனியே செய்யுள் சொல்கிறது. பிற்காலத்துப் பள்ளு நூல்களில் நடவுப் பெண்கள் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே அவர்களைப் பார்க்கும் கண் வரப்பில் நிற்கிறது. அழகும் கேலியும் அக்கண்ணுக்குத் தெரிகின்றன, வலி தெரிவதில்லை.

நா. வானமாமலை முதலியோர் தொகுத்த நாட்டார் பாடல்கள் வந்த பிறகே நடவு நட்டவர்களின் குரல் அச்சேறியது. அப்பாடல்களை உழைப்பின் களிப்பு என்று வகுப்பறையில் சொல்லி நகர்ந்துவிடுவது எங்கள் துறையில் வழக்கமாகிவிட்டது. நடவுப் பாட்டுக்கு வேறொரு பணியும் உண்டு. ஒரு வரிசையில் நிற்கும் பத்துப் பதினைந்து பெண்களில் ஒருத்தி பின்தங்கினாலும் வரிசை குலையும். எல்லாக் கைகளையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் தாளமாகப் பாட்டு இயங்கியது. வலிக்கும் இடுப்போடு ஒருத்தி தன் போக்கில் மெல்ல நடுவதற்கு அத்தாளத்தில் இடமில்லை.

ஒரு நாளின் கணக்கு

நடவு என்பது எத்தகைய வேலை என்பதை வயலை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இடக்கையில் நாற்று முடி இருக்கும். வலக்கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். கால்கள் முழங்கால் அளவுச் சேற்றில் பின்னோக்கி நகரும். இடுப்பு மடிந்தே இருக்கும். தலை கால்களுக்கு நேராகத் தொங்கும். நிமிர்வது முடி தீர்ந்து அடுத்த முடியை எடுக்கும்போது மட்டுமே.

வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர் என்று நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 50 குத்துகள். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே ஏக்கருக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குத்துகள். பதினாறு பெண்கள் சேர்ந்து அதை ஒரு நாளில் முடித்தால் ஒருத்தியின் பங்கு ஏறத்தாழ 12,600. ஆறு மணி நேர வேலை என்று கொண்டால் இரண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு குத்து. இதற்கு முன்னே நாற்றங்காலில் நாற்றுப் பறித்த குனிவு தனி. பின்னே இருமுறை களையெடுக்கும் குனிவும், கருக்கரிவாளோடு அறுவடையில் குனியும் குனிவும் தனி.

இந்நிலையில் முதுகில் என்ன நிகழ்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் அளந்து சொல்லியிருக்கிறது. 1950களில் ஃபிளாய்ட், சில்வர் என்னும் இரு ஆங்கில ஆய்வாளர்கள் ஒரு வியப்பான செய்தியைக் கண்டறிந்தனர். மனிதர் முழுமையாகக் குனியும்போது ஒரு கட்டத்தில் முதுகுத் தசைகள் இயக்கம் ஓய்ந்துவிடுகின்றன. அதன்பின் மேலுடம்பின் பாரத்தை முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்களும் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளுமே தாங்குகின்றன. 1960களில் சுவீடனைச் சேர்ந்த நாக்கெம்சன் அவ்வட்டுகளுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்பவரின் வட்டில் உள்ள அழுத்தம் சற்று முன்குனிந்த அளவிலேயே ஏறத்தாழ ஒன்றரை மடங்காவதை அவர் அளவீடுகள் காட்டின. நாளெல்லாம் குனிகிறவர் தசையால் அன்று, நாரால் பாரம் சுமக்கிறார். தசை ஓய்வெடுத்துத் தேறும். நீண்டு தளர்ந்த நாரும் நசுங்கிய வட்டும் அவ்வளவு எளிதில் தேறுவதில்லை.

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. மக்களை இயல்பாக இயங்கவிடாமல் செய்யும் காரணங்களில் அதுவே முதலிடம் பெறுகிறது. நாற்காலியில் அமர்ந்து வலிகண்டவர்களும் சேற்றில் நின்று வலிகண்டவர்களும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

சவுக்கடி நின்றது

தஞ்சையின் பண்ணையாட்களைப் பற்றிய வரலாற்றில் 'நிமிர்தல்' என்பது மிக முக்கியமான சொல். 1943இல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாச ராவ் கட்டிய விவசாயிகள் இயக்கம் முதலில் கையிலெடுத்தது சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டுவதையும்தான். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அவ்விரு கொடுமைகளுக்கும் முடிவுகட்ட வழிசெய்தது. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். கூலி உயர்வுக் கோரிக்கையும் செங்கொடியை விட மறுத்ததும் அதற்குப் பின்னணியாக இருந்தன. அதன்பின் அமைக்கப்பட்ட கணபதியா பிள்ளை ஆணையத்தின் வழியாக 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வெண்மணியைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புன'லுக்கு 1977இல் சாகித்திய அக்காதெமி விருதும் கிடைத்தது.

இவ்வரலாற்றின் பெருமையைக் குறைப்பது நோக்கமன்று. மிராசுதார் முன் வளைந்த முதுகை நிமிரச் செய்த வரலாறு அது. ஆனால் வேலையில் வளைந்த முதுகு அப்படியே இருந்தது. கோரிக்கைகள் மரக்காலிலும் படியிலும் பேசப்பட்டன. சட்டங்கள் நிலத்திலும் கூலியிலும் பேசின. எந்தக் கருவியைக் கொண்டு, எந்த நிலையில் நின்று, எத்தனை நாழிகை வேலைசெய்வது என்ற கேள்வி அவற்றின் நடுவில் வந்து நிற்கவில்லை. அரைப்படி நெல்லுக்கே உயிர்கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் அது எழாமற்போனதில் வியப்பில்லை. வயிறு முந்திக்கொண்டது, இடுப்பு பின்தங்கியது.

இதே ஆண்டுகளில்தான் குனிவு பெருகியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1965ஐ ஒட்டி ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியது. குறுவைப் பரப்பு விரிந்தது. ஒரு சம்பா நட்ட வயல்கள் பலவற்றில் குறுவையும் தாளடியுமாக இருமுறை நட வேண்டியதாயிற்று. கயிறு பிடித்து வரிசையாக நடும் முறையும் வந்தது. விளைச்சல் உயர்ந்ததைப் பசுமைப் புரட்சி என்று நாம் பதிவுசெய்தோம். நடவும் அறுவடையும் இரட்டித்தபோது, அவற்றைச் செய்த உடம்புகள் தாங்கியதும் இரட்டித்தது.

உழவுக்கு டிராக்டர் முதலில் வந்தது. ஏர்பிடித்தல் ஆணின் வேலை. பெண் ஏர்தொடலாகாது என்பது வழக்கம். ஏர்பிடிப்பதும் கடும் உழைப்பே. ஆயினும் எல்லா வேலைகளிலும் நீண்ட நேரம் குனியவைக்கும் நடவுக்கு இயந்திரம் கடைசியில்தான் வந்தது. ஜப்பானில் நடவு இயந்திரங்கள் 1970ஐ ஒட்டியே பரவத் தொடங்கிவிட்டன. சிறு வயல், விலை, பாய் நாற்றங்கால் போடும் பழக்கமின்மை ஆகியவை இங்கே தடைகள் என்பது மெய்தான். அவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு: ஆணைக்காட்டிலும் குறைந்த கூலிக்குப் பெண்கள் கிடைத்தார்கள். மலிவான இடுப்பு இருக்கும்போது விலைகொடுத்து இயந்திரம் வாங்கும் அவசரம் யாருக்கும் ஏற்படுவதில்லை.

சட்டத்தின் கண், மருத்துவத்தின் கண்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் வேலையால் நேரும் கேட்டுக்கு ஈடு கோர வழிசெய்த முன்னோடிச் சட்டம். யார் தொழிலாளர் என்று வரையறுத்த அதன் அட்டவணையில் நாளடைவில் உழவும் இடம் பெற்றது. ஆனால் டிராக்டர் முதலிய விசைக்கருவிகளைக் கொண்டு உழவுத்தொழில் செய்பவர்களே அதில் குறிக்கப்பட்டனர். வயலுக்குள் இயந்திரம் நுழைந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஆபத்து தென்பட்டது. வெறுங்கையால் நடுகிறவளின் இடுப்பு ஒரே நாளில் முறிவதில்லை. முப்பது ஆண்டுகளில் தேய்கிறது. விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு, சாட்சியும் உண்டு. தேய்மானத்துக்கு இவை எவையும் இல்லை.

மருத்துவத்தின் கதையும் இதற்கு மாறுபட்டதன்று. நம் சித்த மருத்துவ நூல்கள் வாத நோயை எண்பதாக வகுத்து நுட்பமாகப் பேசுகின்றன. அவ்வகுப்பு உடம்பின் தாதுக்களை ஒட்டியது. தொழிலை ஒட்டியது அன்று. மேலைநாட்டில் 1700ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸீனி தொழிலாளர் நோய்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது அவர் அறிவுரை. உழவர்களுக்கும் அந்நூலில் ஓர் இயல் உண்டு. மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னும் நம் ஊர் மருத்துவமனை வரிசைகளில் 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்ற விடையோடு ஒரு வலிமாத்திரையைப் பெற்றுத் திரும்பும் பெண்கள் நூற்றுக்கணக்கானோர். வயது ஒரு காரணம் என்றால், அதே வயதுடைய நில உடைமையாளரின் இடுப்பும் அவ்வாறே இருக்கவேண்டுமல்லவா?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2001இல் வேளாண்மையில் பாதுகாப்பு, உடல்நலம் குறித்த 184ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதை உறுதிசெய்த நாடுகளுள் இந்தியா இல்லை. 2010இல் அவ்வமைப்பு திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு சார்ந்த நோய்கள் தனிப்பிரிவாகவே இடம்பெற்றுள்ளன.

நீதிமன்றம் ஏறிய குனிவு

குனிந்து வேலைசெய்வது பயிரின் இயற்கை, அதை மாற்ற இயலாது என்பது பரவலான எண்ணம். அவ்வெண்ணம் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லெட்டூஸ் கீரையையும் சர்க்கரைக் கிழங்கையும் கலைத்துவிடவும் களையெடுக்கவும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடிபோட்ட களைக்கொத்து கொடுக்கப்பட்டது. 'எல் கோர்த்தீத்தோ' என்று அதை அவர்கள் அழைத்தார்கள். குட்டையானது என்று பொருள். அதனுடன் இடுப்பொடியக் குனிந்தே வரிசை முழுதும் நகர வேண்டும். விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸும் அதைப் பிடித்து வேலைசெய்தவர். வாழ்நாளில் முதுகுவலியால் துன்புற்றவர்.

மாரிஸ் ஜோர்டேன் என்ற வழக்கறிஞர் தொழிலாளர் சார்பில் இவ்வழக்கை நடத்தினார். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். தொழிற் பாதுகாப்புத் துறையோ, பழுதுபட்ட கருவியே ஆபத்தான கருவி, இக்கொத்தில் பழுதில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. 1975 ஜனவரியில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவ்விளக்கம் பிழையானது என்று தீர்ப்பளித்தது. பழுதில்லாத கருவியும், முறையாகப் பயன்படுத்தும்போதே உடம்பைக் கெடுக்குமாயின், ஆபத்தான கருவியே. அவ்வாண்டிலேயே குட்டைக் கொத்து தடைசெய்யப்பட்டது. லெட்டூஸ் அழிந்துவிடவில்லை, நீண்ட பிடியுள்ள கொத்தைக்கொண்டு அதே வயல்களில் அதே பயிர் விளைந்தது.

துல்லியமாகக் கொத்தக் குட்டைப் பிடியே ஏற்றது என்பது நில உடைமையாளர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணம். தொழிலாளர்கள் உணர்ந்த காரணம் வேறு. எல்லோரும் குனிந்திருக்கும் வயலில் நிமிர்ந்தவன் எவன் என்பது கண்காணிக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். குனிவு வேலையின் தேவையாக இருந்ததைக் காட்டிலும் கண்காணிப்பின் தேவையாக இருந்தது. இவ்விடத்தில் நம் ஊர் வரப்பில் குடைபிடித்து நின்ற காரியக்காரரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் உழவுத்தொழில் செய்யும் பெண்களின் கருவிகளைப் பற்றி 1998இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றும் இத்தகைய செய்தியைத் தருகிறது. நீண்ட பிடியுள்ள மண்வெட்டியோடு நிமிர்ந்து நின்று கொத்துவது பல ஊர்களில் சோம்பேறித்தனத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. குனிந்தவளே உழைப்பாளி என்ற மதிப்பீடு கண்டங்களைக் கடந்தது போலும்.

கலிபோர்னியக் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. கொத்தைத் தடைசெய்தபின் பல இடங்களில் வெறுங்கையால் களைபறிக்கவைத்தார்கள். குனிவு வேறு வழியில் திரும்பியது. கையால் களைபறிப்பதைக் கட்டுப்படுத்த 2004இல் மீண்டும் ஒரு விதி இயற்ற வேண்டியிருந்தது.

நிமிர்வது யார்?

களைக்கருவியின் கதையும் இத்தகையதே. வரிசைக்கு நடுவே நின்றபடி உருட்டிச்செல்லும் களைக்கருவியை ஜப்பானில் நக்காய் தயிச்சிரோ என்பவர் 1892இல் உருவாக்கினார். 1950களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடி என்ற பெயரில் இந்திய அரசு மேற்கொண்ட பரப்புரையோடு அத்தகைய உருளைக் கருவிகள் இங்கும் அறிமுகமாயின. ஆனால் நெடுங்காலம் ஊன்றவில்லை. மடகாஸ்கரில் உருவான செம்மை நெல் சாகுபடி முறை 2000க்குப் பின் தமிழகத்தில் பரவியபோதுதான் கோனோவீடர் என்ற பெயரில் அக்குடும்பத்துக் கருவி பரவலாயிற்று. அம்முறையில் 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி. சதுர மீட்டருக்கு 16 குத்துகளே. ஏக்கருக்கு இரண்டு லட்சம் என்றிருந்தது ஏறத்தாழ 65,000 ஆகிறது. குனிவின் கணக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்பதே இம்முறையின் பெரிய நன்மை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பரப்புரைத் தாள்கள் விதைச் சிக்கனத்தையும் நீர்ச் சிக்கனத்தையும் விளைச்சலையுமே முன்னிறுத்தின.

கருவி வந்ததும் இன்னொன்று நிகழ்ந்தது. குனிந்து களையெடுத்தவரை அது பெண்களின் வேலை. உருளை வந்ததும் பல ஊர்களில் ஆண்கள் அதைத் தள்ளத் தொடங்கினார்கள். கருவியின் எடையும் கைப்பிடியின் உயரமும் பெண்களின் உடம்புக்குப் பொருந்தவில்லை என்ற குறையும் எழுந்தது. நடவு இயந்திரம் வந்தபோதும் அதன் இருக்கையில் பெரும்பாலும் ஆணே அமர்ந்தான். காவிரி நீர் தாமதமான ஆண்டுகளில் படுகையில் நேரடி விதைப்பு பெருகி, நடவே இல்லாமற்போன வயல்களும் உண்டு. வேளாண்மையில் ஈடுபடும் பெண்களைப் பற்றி ஆராய்வதற்கென 1996இல் புவனேசுவரத்தில் மத்திய அரசின் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. தேவையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. ஆய்வகத்துக்கும் வயலுக்கும் இடையிலுள்ள தொலைவு மட்டும் குறையவில்லை.

ஆகவே குனிவு இரண்டு வழிகளில் முடியலாம். குனிந்தவள் கையிலேயே நிமிர்ந்து பிடிக்கும் கருவியைக் கொடுப்பது ஒன்று. கருவியை வேறொருவர் கையில் கொடுத்து அவளை வயலைவிட்டே அனுப்பிவிடுவது மற்றொன்று. காவிரிப் படுகையில் இரண்டாவதே மிகுதியாக நடந்துவருகிறது. ஐம்பது வயதில் அவளிடம் எஞ்சியிருப்பது நடவுத் திறனும் இடுப்புவலியும். முதலாவதற்கு இனி விலையில்லை. இரண்டாவதற்கு முன்பும் விலையில்லை, இப்போதும் இல்லை.

கருவியின் பிடி எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்பது இயற்கை விதித்ததன்று. யாரோ சிலர் எடுத்த முடிவு என்பதைத்தான் இவ்வரலாறு திரும்பத் திரும்பச் சொல்கிறது. முடிவு என்றால் அதை மாற்றவும் இயலும். ஒரு நீதிமன்றம் ஓரிடத்தில் மாற்றிக்காட்டியது. இலக்கியத்தில் ஈடுபாடுள்ள நண்பர்கள் செய்யக்கூடிய சிறு பணி ஒன்று உண்டு. நடவு நட்ட தலைமுறையின் கடைசிப் பெண்கள் இன்று நம் ஊர்களில் முதியவர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் பாட்டு கேட்டுப் பதிவுசெய்யப் போகிற மாணவர்கள் பலரை நான் அறிவேன். பாட்டோடு இன்னும் சில கேள்விகளையும் அவர்கள் கேட்டுவரட்டும். எந்த வயதில் நடவுக்குப் போகத் தொடங்கினீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை முடி நட்டீர்கள்? பேறுகாலத்தில் எத்தனையாவது மாதம் வரை குனிந்தீர்கள்? எந்த ஆண்டில் வலி தொடங்கியது? அப்போது யாரிடம் சொன்னீர்கள்? அவர்கள் சொல்லும் விடைகளை எழுதிவைத்தால், மரக்கால் கணக்கும் நிலக் கணக்கும் இருக்கும் அதே ஆவணக் காப்பகத்தில் இந்தக் கணக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.